காந்தி மைதானத்து ஐயாவுக்கு நன்றி

பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. விடிகாலையில் சேலம் காந்தி மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு, கழுத்தில் விசில் தொங்கும் அந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரைத் தெரிந்திருக்கும்.

உயரம் தாண்டக் கற்க வந்த என் மகளுக்கு வெகுநாள் வரை குறுக்குக் கம்பியையே அவர் கண்ணில் காட்டவில்லை. தரையில் சுண்ணாம்பால் வளைகோடு போட்டு அதன்மேல் ஓடவைத்தார். கடைசி அடிகள் வளைவில் விழுந்தால்தான் உடல் உள்பக்கம் சாய்ந்து, ஓடிவந்த வேகம் மேலே எழும்புமாம். இந்தப் பொறுமை காசுக்குக் கிடைக்காது.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். சொன்ன கையோடு, "கதை போதும், ஓடு" என்பார்.

கட்டணம் கொடுத்துப் பார்த்த பெற்றோருக்குத் திட்டுதான் மிச்சம். மைதானம் முடிந்தால் அரசு மருத்துவமனை. எழுதத் தெரியாதவர்களுக்குச் சீட்டு நிரப்பிக் கொடுத்து, வார்டு வரை கூடவே நடப்பார். என் மாமியாரையும் அப்படித்தான் எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார், தன் மாணவியின் பாட்டி என்று தெரியாமலே.

மகள் இப்போது மாவட்டத் தடகளப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஐயா, சால்வையோடு வந்து நிற்க மாட்டோம், பயப்படாதீர்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி ஓட்டக் காலணி வாங்கி வைத்திருக்கிறோம். அதையாவது திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.