காறை எலும்பு உடைந்த கதை

அன்புள்ள மகளுக்கு,

வேலைக்குப் போய்வர சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். வண்டி நன்றாக இருக்கிறது. சீட் மட்டும் கொஞ்சம் தாழ்வாக இருப்பது போலத் தெரிகிறது. பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். சரி, அதை நீயே சரிசெய்துகொள்வாய். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல.

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்குக் காறை எலும்பு உடைந்ததே, நினைவிருக்கிறதா? அலுவலக மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொன்னேன். அது பொய். சைக்கிளிலிருந்துதான் விழுந்தேன். நீ அப்போதுதான் தனியாக சைக்கிளில் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாய். உண்மை தெரிந்தால் அம்மா உன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுவாள் என்று பயந்தேன். கோணிய முன்சக்கரத்தை நேராக்கிய பிறகுதான் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

அன்றைக்கு அவசரம் எதுவும் இல்லை. நல்ல வெளிச்சம், காய்ந்த சாலை. ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பின்னால் வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்தக் கார்களை உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தேன். ஒரு கதவு திறந்தது. அதன் விளிம்பு ஹேண்டில் பாரின் நுனியில் பட்டது, அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது தார்தான்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது நமக்கு ஒன்றும் வேகமாகத் தெரியாது. ஆனால் அது நொடிக்கு ஐந்தரை மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி போய்விடும். கதவு திறந்ததோ எனக்கு மூன்று மீட்டர் முன்னால். உலகத்திலேயே சிறந்த பிரேக் இருந்தும் பயனில்லை. நான் அந்த இடத்தில் போயிருக்கவே கூடாது. பார்க்காமல் கதவைத் திறந்தது அவருடைய தப்பு. உடைந்த எலும்பு என்னுடையது.

அதனால் நிற்கிற கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போ; முடிந்தால் இன்னும் கொஞ்சம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அதற்காக இரண்டு கார்களுக்கு நடுவே இடம் கிடைத்தால் உள்ளே போய், மறுபடி வெளியே வந்து என்று வளைந்து ஓட்டாதே. பின்னால் வருகிறவன் கண்ணிலிருந்து மறைந்து, திடீரென்று அவன் முன்னால் முளைப்பாய். ஒரே கோட்டில் போகிறவளை முந்துவது அவனுக்கும் எளிது. இப்போது நான் காரிலிருந்து இறங்கும்போது கதவுப் பக்கத்துக் கையால் திறப்பதில்லை. மறு கையை நீட்டித் திறக்கிறேன். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். நீயும் பழகிக்கொள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம் லாரியும் பேருந்தும்தான். சிக்னலில் நிற்கும் லாரியின் பக்கவாட்டில் ஒரு சைக்கிள் போகிற அளவு இடம் இருக்கும். உள்ளே புகுந்து முன்னால் போய்விடலாம் என்று தோன்றும். போகாதே. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்; வண்டியின் மூக்கை ஒட்டி நிற்பதும், பக்கவாட்டில் கணிசமான இடமும் அவருக்குத் தெரியாது. அதோடு நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீ நின்ற இடம் நீ நிற்கும்போதே காணாமல் போகும். அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லையா? அப்படியானால் அவருக்கு நீ இல்லவே இல்லை. பின்னாலேயே நில். இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகாது.

"முன் பிரேக்கைத் தொடாதே, குட்டிக்கரணம் அடிப்பாய்" என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிரேக் போடும்போது எடையின் பெரும்பகுதி முன்னால் சாயும்; பின்சக்கரம் லேசாகி வழுக்கும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். நான் பயந்த குட்டிக்கரணம் பழைய வண்டிகளில் சர்வசாதாரணம். ராட்சத முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து ஓட்டிய காலத்தில் ஒரு கல் தடுக்கினாலே தலைகுப்புற விழுந்தார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களோடு, செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும் ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். அந்த வகை வண்டிக்கு அன்று வழங்கிய பெயரே 'சேஃப்டி பைசிக்கிள்'. நீ வாங்கியிருப்பது அதன் பேத்தி. ஆகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் இறுக்கிக்கொண்டே போ. உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள். ஆள் இல்லாத இடத்தில் பத்துத் தடவை செய்து பார். படத்தில் தெரிவது ரிம்மைக் கவ்வும் பிரேக். மழையில் அது முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். ஈரத்தில் முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தொட்டுப் போ. சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் நனைந்தால் சோப்பு மாதிரிதான். அதன் மேல் திரும்பாதே, பிரேக்கும் போடாதே.

அதே ஆளில்லாத இடத்தில் இன்னொன்றும் பழகு. நேராக ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்ப்பது. தலை திரும்பும் பக்கமே ஹேண்டிலும் போகப் பார்க்கும், போகவிடக் கூடாது. நாலைந்து நாளில் வந்துவிடும். திரும்புவதற்கு முன் கை காட்டுவதைவிட இந்தப் பார்வை முக்கியம் என்பேன். கையும் காட்டு.

ஹெல்மெட் பற்றி நான் பெரிதாக மிரட்டப் போவதில்லை. அது மந்திரத் தொப்பி இல்லை. ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரத்தில் அதைத் தட்டையான பரப்பில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள்; கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம். கார் மோதுவதற்காகச் செய்ததல்ல, நான் விழுந்த மாதிரி விழுவதற்காகச் செய்தது. அன்று என் தலையில் அது இல்லை. தோள் முந்திக்கொண்டது என் அதிர்ஷ்டம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் போடு, பின்னுக்குத் தள்ளி ஸ்டைலாக வேண்டாம். ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு.

இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டினால் அது மேலும் கீழுமாக ஆடுவதைப் பார்த்தே தூரத்திலிருந்து சைக்கிள் என்று தெரிந்துவிடும். பையை ஹேண்டிலில் தொங்கவிடுகிற உன் பழக்கத்தை விட்டுவிடு. அது ஆடி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் போனால் வண்டி அங்கேயே நிற்கும், நீ நிற்க மாட்டாய். கேரியரில் கட்டு. காதில் பாட்டு வேண்டாம். அதைப் பற்றி நாம் ஏற்கெனவே சண்டை போட்டாயிற்று.

கிளம்பும் முன் டயரை அமுக்கிப் பார், இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை பிடித்துப் பார். காற்று எவ்வளவு என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

சீட்டை உயர்த்திவிட்டு ஒரு படம் அனுப்பு. இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அம்மா இன்னும் அந்த மாடிப்படியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா