அடைமழையிலும் படம் பார்க்க வந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த ஞாயிறு மாலை நாகர்கோவிலில் நாங்கள் திரையிட்ட ‘தி நேக்கட் சிட்டி’ உங்கள் தயவால் நல்லபடியாக நடந்து முடிந்தது. 1948-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படத்துக்குக் கொட்டும் மழையில் கூடம் நிறைந்தது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

வாடகை வாங்காமல் மாடிக் கூடத்தைத் திறந்துவிட்ட ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு முதல் நன்றி. கரண்ட் போனதும், யாரும் கேட்காமலேயே ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த பந்தல்காரரை மறக்க மாட்டோம்.

இந்தப் படத்தில் கதை சொல்லும் குரல் தயாரிப்பாளர் மார்க் ஹெலிங்கருடையது. படம் திரைக்கு வருமுன்பே, 1947 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். தோளில் கைபோட்டுப் பேசுகிற அந்தத் தொனியைத் தமிழ் வசன வரிகளில் கொண்டுவந்த கல்லூரி மாணவியர் இருவரும் நீடூழி வாழ்க.

பிறகு, ஓய்வுபெற்ற ஏட்டு ஐயா. மவுத் ஆர்கன் வாசிக்கும் முன்னாள் மல்யுத்த வீரன் ஒருவனைத் தேடி இளம் போலீஸ்காரர் கடை கடையாக ஏறி இறங்கும் காட்சியைப் பற்றி அவர் பேசியபோது கூடமே அசையவில்லை. சைக்கிள் திருட்டு ஒன்றுக்காகக் கோட்டாறு கம்போளத்தில் தாமும் அப்படி அலைந்ததாகச் சொன்னார். கல்லாவில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, கடைக்காரர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கேள்வி கேட்க வேண்டுமாம். எந்த விமர்சகரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்; அவர்களை இனி எட்ட முடியாது. இயக்குநர் ஜூல்ஸ் டாசின் ஸ்டுடியோவை விட்டு நியூயார்க் தெருக்களில் இறங்கி, வேனுக்குள் கேமராவை மறைத்துவைத்துப் பல காட்சிகளை எடுத்தார். ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால், படம் பிடிக்கிறார்கள் என்றே தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஜனங்கள் இல்லாவிட்டால் இந்தப் படம் ஏது? வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் கொலையாளி கோபுரத்தின் மேலே ஏற ஏற, முன்வரிசைச் சிறுவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

சுடச்சுட ரசவடையும் சுக்குக் காபியும் தந்த அக்காவுக்கும், நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிய தம்பிகளுக்கும் எங்கள் அன்பு. மறந்துவிட்டுப் போன குடைகள் ஜவுளிக்கடையில் பத்திரமாக இருக்கின்றன. அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
திரையிடல் குழுவினர்