உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

15 வருடம் கழித்து டொரண்டோவிலிருந்து தங்கச்சி குடும்பம் கல்லடிக்கு வந்திருந்தது. ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்ட மகள் டகரத்தை மெதுவாக உருட்டி ‘வாடர்’ என்றாள். தாய்க்கு இன்னும் அழுத்தமான ‘வோட்டர்’தான். கல்யாண வீட்டில் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள். மகள் எடுப்புக் காட்டுகிறாளாம், தாய்க்கு இவ்வளவு காலம் இருந்தும் வரவில்லையாம்! தங்கச்சி அப்புறம் வாயே திறக்கவில்லை.

சின்ன வயதில் போகும் பிள்ளை அங்குள்ள கூட்டாளிகளின் ஒலியைப் பிடித்துக்கொள்ளும். முப்பதைத் தாண்டிப் போனவருக்குத் தாய்மொழியின் ஒலி லேசில் விடாது. இதில் யாருடைய குற்றம் இருக்கிறது?

இங்கே வகுப்பில் ஆங்கிலம் பேச எழும்பும் பிள்ளையையும் இதே சிரிப்புத்தான் உட்கார வைக்கிறது. ஆசிரியர்கள் தயவுசெய்து அதை அனுமதிக்க வேண்டாம்.

ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு