பத்து வினாடிக்கு வேஷம் எதற்கு என்று கேட்ட நிருபருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் டிராக் ரேஸுக்கு, அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓடி முந்துகிற பந்தயத்துக்கு, வந்திருக்கும் புதிய பாதுகாப்பு விதிகளைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றி. பெங்களூர்ப் பையன்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி, யாரும் கைதாகாமல், உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி வந்ததே பெரிய விஷயம். ஆனால் மூன்றாவது பத்தியில் உங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கால் மைல் தூரம், பத்துப் பன்னிரண்டு வினாடி, இதற்கு இத்தனை வேஷம் எதற்கு?" நாலு நாளாக அந்த வரி மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

அவர் வேஷம் என்று சொல்வது என்னென்ன? ஒரே துண்டாகத் தைத்த தோல் உடை, அது இல்லாவிட்டால் இடுப்பைச் சுற்றி ஜிப் போட்டு இணையும் பேன்ட்டும் ஜாக்கெட்டும். வாரை இறுக்க டபுள் டி என்கிற இரட்டை வளையம் வைத்த ஹெல்மெட், அதுவும் உள்ளே ஒட்டிய சீட்டில் தேதி பார்த்து. முதுகுக் கவசம். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கில் ஸ்விட்ச் கயிறு; ஆள் விழுந்தால் அது இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். நான் சிவாஜிநகரில் 31 வருஷமாகத் தோல் தைக்கிறவன். பை, பெல்ட், சோபா உறை என்று ஆரம்பித்து ரேஸ் பையன்களின் ஜாக்கெட்டில் வந்து நிற்கிறேன். இந்தப் பட்டியலில் பாதி என் மேசைக்கு வந்துபோகிற சரக்கு. நிருபர் தெரியாமல் எழுதிவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

கால் மைலை, அதாவது 402 மீட்டரை, பத்து வினாடியில் முடிக்கிற வண்டி முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படியானால் வினாடிக்கு 55 மீட்டர். நிருபரின் கடிகாரம் அந்தக் கோட்டோடு நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் பிரேக். 2008 ஜூனில் அமெரிக்காவில், நியூ ஜெர்சி இங்கிலீஷ்டவுனில், ஸ்காட் கலிட்டா என்கிற டிராக் ரேஸ் வீரர் இறந்தது கோட்டைத் தாண்டி, வண்டி நிற்காமல் ஓடுபாதை முடிகிற இடத்தில். அடுத்த மாதமே அங்கே பெரிய வண்டிகளின் வகுப்புகளுக்குத் தூரத்தைக் கால் மைலான 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். இதையும் வேஷம் என்று உங்கள் நிருபர் எழுதுவாரா?

கார் ஓட்டுகிற ஒரு வாடிக்கையாளர் தன் தீத்தடுப்பு உடையில் ஜிப் மாற்றக் கொண்டுவந்தார். கழுத்துப் பட்டையில் எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 என்று முத்திரை; ரேஸ் சாமான்களுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கிற பாதுகாப்புத் தரம் அது. நெருப்பில் உடம்புத் தோல் வெந்துபோக மூன்று வினாடி ஆகும் என்று அதற்குப் பொருளாம். அதே வரிசையில் /20 என்று போட்டிருந்தால் நாற்பது வினாடி. நான் தைக்க மறுத்துவிட்டேன். அதற்கு நோமெக்ஸ் என்கிற, தீயைத் தாங்கும் நூல் வேண்டும். என்னிடம் இருக்கிற நூலைப் போட்டால் அந்த மூன்று வினாடியும் போய்விடும். ஆக, வினாடிக் கணக்கு எங்கள் பக்கமும் பார்க்கிறோம் ஐயா.

நிருபரின் வரியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். 2007-ல் என் அக்கா மகன் சொன்னான். யமஹா ஆர்.எக்ஸ். 135 பைக் வைத்திருந்தான். உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் அலைந்து பொறுக்கிய சாமான்களைப் போட்டு, இன்ஜின் துளைகளைக் குடைந்து போர்ட்டிங் செய்து, சைலன்சரை மாற்றி, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஆக்கி வைத்திருந்தான். ஊருக்கு வெளியே ஒரு ஓடுதளத்தில் போட்டி. முந்தின நாள் ராத்திரி கடைக்கு வந்து ஒரு பழைய ஜாக்கெட்டை மேசையில் போட்டு, "தோள்பட்டை விட்டிருக்கு மாமா, சும்மா பிடிச்சுக் குடு. பத்து செகண்டுக்குத்தானே" என்றான். கடை சாத்துகிற நேரம். மெஷினில் ஏறியிருந்தது சாதாரணப் பருத்தி நூல். நைலான் நூல் மாற்றி, ஓரத்தை மடித்து, இரட்டைத் தையல் போட இருபது நிமிஷம் ஆகும். ஒற்றைத் தையல் ஓட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுந்தான். ஜெயித்துவிட்டு விழுந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். இடுப்பில் ஜிப் இல்லாததால் தார் ரோட்டில் சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருண்டு ஏறிவிட்டது. தோல் கிழியவில்லை. நல்ல மாட்டுத்தோல், 1.2 மில்லி கனம். உரசின இடம் வெளுத்து மொரமொரவென்று இருந்தது, அவ்வளவுதான். விட்டது தையல். தோளில் நான் ஓட்டின நூல் சூட்டில் கருகிப் போய், ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. கீழே ஜாக்கெட் ஏறிய இடமும் மேலே தையல் விட்ட இடமும் சேர்ந்து, முதுகில் தோலே இல்லாமல், 22 நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். வண்டிக்குக் கில் ஸ்விட்ச் கயிறு கிடையாது. ஆக்ஸிலரேட்டர் சிக்கி, படுத்த வாக்கிலேயே உறுமிக்கொண்டு சுற்றியது. தூக்கப்போன பையனுக்குச் செயினில் இரண்டு விரல் நசுங்கியது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் கடையில்தான் தொங்குகிறது. அவசரம் காட்டுகிற பையன்களுக்கு அந்தத் தோள்பட்டையைக் காட்டுவேன்.

உங்கள் கட்டுரையோடு வந்த படத்துக்கு வருகிறேன். கால் பக்கத்துக்குப் பெரிய வண்ணப் படம். "களத்தில் தயாராகும் வீரர்" என்று கீழே எழுத்து. வீரரின் ஹெல்மெட் வார் பட்டன் போடாத சட்டைக் காலர் மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிறது. பாதுகாப்பைப் பற்றிய கட்டுரை! பக்கத்தை அமைத்தவர் கண்ணிலும் படவில்லை, திருத்தியவர் கண்ணிலும் படவில்லை. ஹெல்மெட்டின் தேதியைப் பார்ப்பது "குமாஸ்தாத்தனம்" என்று வேறு எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். வெயில், வியர்வை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் சேர்ந்து உள்ளே பசையையும் நுரையையும் கெடுக்கும் என்பதால் ஐந்து வருஷத்தில் மாற்றச் சொல்கிறார்கள். ஒரு பையன் தூக்கிப்போட்ட ஹெல்மெட்டை நான் கத்தியால் பிளந்து பார்த்தேன். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே ஒரு பக்கம் நுரை அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. எப்போதோ விழுந்திருக்கிறான், சொல்லவில்லை.

ஹெல்மெட் என்றதும் ஞாபகம் வருகிறது. சில வருஷத்துக்கு முன் ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு ஒரு ஹெல்மெட் இலவசமாகக் கொடுத்தீர்கள். எனக்கும் வந்தது. அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடித்தேடிக் கண் வலித்தது. அதை நான் வீணாக்கவில்லை; ரிவெட்டும் பட்டனும் போட்டு வைத்திருக்கிறேன். அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அல்சூரில் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக்கிடந்து 2009-ல் வெளியே வந்தது. என் கடிதத்துக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஏர்போர்ட் ரோட்டில் ராத்திரி முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் அடித்துப் பிடிபடுகிறவர்களை உங்கள் பத்திரிகை ஒவ்வொரு முறையும் "டிராக் ரேஸ் கும்பல்" என்று போடுகிறது. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட. அவர்களை எத்தனை காட்டமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் நிற்கிற, வண்டியை நாலு பேர் சோதித்து விடுகிற இடத்துக்குப் போகிற பையனின் அம்மாவும் அதே செய்தியைப் படிக்கிறாள். "அங்கே போகாதே" என்கிறாள். அவன் எங்கே போவான்? ஏர்போர்ட் ரோட்டுக்கு.

நிருபர் சொன்னதில் ஒன்று நிஜம், மறுக்கவில்லை. இது காசு பிடித்த சமாசாரம். மெக்கானிக் கடையில் வேலை செய்கிற பையனுக்குப் புது ஒற்றைத் துண்டு உடை இரண்டு மூன்று மாதச் சம்பளம். போட்டி நடத்துகிறவர்கள் பட்டியலை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எனக்கும் பிடிக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் திருப்பித் தருகிற மாதிரி பத்து உடை வாடகைக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்? இருக்கிற பேன்ட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் சுற்று ஜிப் வைக்க நான் வாங்குவது 600 ரூபாய். இதையெல்லாம் கேட்டு எழுதியிருக்கலாம். என் கடை உங்கள் நிருபருக்கு அவ்வளவு தூரமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் படத்தைத் திரும்பப் போடாதீர்கள். வார் மாட்டிய படம் வேண்டுமென்றால் என் கடைக்கு வருகிற பத்துப் பேரை நிறுத்தித் தருகிறேன். ரோட்டில் பிடிபடுகிறவனை டிராக் ரேஸ் வீரன் ஆக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயர் வேண்டாம், அக்கா படிப்பாள்.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. கட்டாயம் புதுப்பிப்பேன். ஹெல்மெட் மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தோல் தையல்காரர் ஒருவர்,
சிவாஜிநகர், பெங்களூரு.