ஃபயர்வாலில் தொலைந்த துண்டுகளைத் தேடித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய ஐபிவி6 (இணைய நெறிமுறையின் புதிய பதிப்பு) பாக்கெட்டுகள் பிரிந்து வரும் துண்டுகளை ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் மென்பொருள்) விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் கோளாறு ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்த திருத்தம் மூன்றே வரி. அந்த மூன்று வரிக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது கமிட் செய்தியில் (திருத்தத்தோடு சேரும் குறிப்பு) அடங்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, "சில தளங்கள் மட்டும் திறக்க ஐந்தாறு நொடி ஆகிறது" என்று புகார் சொன்னவருக்கு. புகாரோடு நிற்காமல், ஃபயர்வாலின் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் கருவி) ஓடவிட்டு இரண்டு கோப்புகளையும் அனுப்பினீர்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்திருந்தால், பாக்கெட் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருப்பேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிஎன்எஸ்செக் கையெழுத்தோடு (பதில் உண்மையானது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) வரும் ஒரு பெரிய டிஎன்எஸ் பதில், அதாவது தளப் பெயருக்கான முகவரியைச் சொல்லும் பதில், 1496 பைட், 308 பைட் என இரண்டு துண்டுகளாக ஒழுங்காக வந்து சேர்கிறது. உள்ளே எதுவும் போகவில்லை. அதோடு நில்லாமல் நம் ஃபயர்வாலே "பாக்கெட் மிகப் பெரிது, எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு) 1500" என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தி விடுகிறது. 1500க்குள் அடங்கும்படி துண்டு போட்டு அனுப்பியவரிடம் போய் 1500க்குள் அனுப்பு என்றால் அவர் என்ன செய்வார், மறுபடி அதையேதான் அனுப்புவார்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்தச் சேவைக்கான பாக்கெட் என்று காட்டும் போர்ட் எண் முதல் துண்டில்தான் இருக்கும் என்பதால், ஃபயர்வால் துண்டுகளைச் சேர்த்து முழுப் பாக்கெட்டாக்கித்தான் விதிகளோடு ஒப்பிடுகிறது. இங்கே துண்டுகளின் கூடுதல் தலைப்புகள் போகச் சேர்ந்தபோது அது 1748 பைட். வெளியே விடும்போது திரும்பப் பிரிக்க வேண்டும், ஆனால் ஐபிவி6இல் வழியிலிருக்கும் ரவுட்டர் தன் இஷ்டத்துக்குத் துண்டு போடக் கூடாது. அதனால், வந்த துண்டுகளில் பெரியது எந்த அளவு என்பதை ஒரு டேக்கில் (சிறு குறிப்புச் சீட்டு) குறித்து எம்பஃபின் (கெர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் நினைவகப் பெட்டி) தலையில் ஒட்டிவைக்கிறோம், பிரிக்கும்போது அதைப் பார்த்துப் பிரிக்கிறோம். அந்த டேக்தான் நடுவழியில் காணாமல் போயிருந்தது.

என் கணினியில் எத்தனை முறை முயன்றாலும் கோளாறு வரவே இல்லை. அப்போது தன் சோதனை மெஷினுக்கு இரண்டு வாரம் லாகின் கொடுத்தவருக்கு என் நன்றி. அதிலிருந்த நெட்வொர்க் கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), பாக்கெட்டின் தலைப்புகளை ஒரு சின்ன பஃபரிலும் (தற்காலிக நினைவகம்) மீதியை வேறொன்றிலும் வைக்கிறது. தலைப்புகள் தொடர்ச்சியாக இல்லாதபோது மட்டும் ஓடும் ஒரு பழைய பாதை நம் கோடில் இருக்கிறது. அது புதிதாக ஓர் எம்பஃப் எடுத்து, நீளம், வந்த இன்டர்ஃபேஸ் என்று ஒவ்வொன்றாகக் கையால் நகல் எடுக்கிறது, டேக்கை மட்டும் எடுப்பதில்லை.

இது தெரிவதற்கு முன்பே நான் ஒரு பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பியிருந்தேன். டேக் இல்லையென்றால் இன்டர்ஃபேஸின் எம்டியுவுக்கு ஏற்றபடி துண்டு போட்டுவிடு, அவ்வளவுதான். தளங்கள் உடனே திறந்தன, எனக்கும் நிம்மதி. அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியவருக்குத்தான் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். டேக் ஏன் இல்லை என்று கண்டுபிடிக்காமல், இல்லாததற்கு மருந்து போடுகிறீர்கள் என்றீர்கள், தொடவே கூடாத பாக்கெட்டுகளையும் இது துண்டாக்கிவிடும், பாதை முழுவதும் எந்த அளவு பாக்கெட் போகும் என்று கண்டறியும் வழியே கெட்டுப்போகும் என்றும் விளக்கினீர்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் திரும்பப் படித்துவிட்டு, பாக்கெட் ஃபயர்வாலுக்குள் நுழைவதிலிருந்து ஒவ்வொரு ஃபங்ஷனாக டேக்கை அச்சிட்டுப் பார்த்தேன். தொலைந்தது இந்த ஒரு டேக் மட்டுமல்ல, ஐபிசெக் (பாக்கெட்டுகளை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை) சோதனை முடிந்தது என்பதைக் குறிக்கும் டேக்கும் அதே இடத்தில்தான் தொலைந்துகொண்டிருந்தது. என் முதல் பேட்ச் உள்ளே போயிருந்தால் அது இன்னும் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கும்.

அப்புறம், டிஎன்எஸ் சர்வரில் யுடிபி பதிலின் உச்ச அளவை 1232 பைட்டாகக் குறைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு நன்றி. ஐபிவி6இல் எந்த இணைப்பும் கட்டாயம் தாங்க வேண்டிய குறைந்தபட்ச எம்டியுவான 1280இல் ஐபிவி6 தலைப்பு 40, யுடிபி தலைப்பு 8 போக மிஞ்சுவது அது, அதற்குள் அடங்கும் பதிலை எங்கேயும் துண்டு போட வேண்டியதில்லை. திருத்தம் தயாராகும்வரை பலருக்கு அதுதான் கைகொடுத்தது. பிக் எண்டியன் மெஷினில் (எண்களின் பைட்டுகளை வேறு வரிசையில் வைக்கும் கணினி) ஓட்டிப் பார்த்தவருக்கும், வெளியீட்டுக்கு நான்கே நாள் இருந்தபோதும் இதைச் சேர்க்க ஒப்புக்கொண்டவருக்கும் நன்றி.

கடைசியாக, ஸ்கேப்பியில் (பாக்கெட்டுகளை உருவாக்கி அனுப்பும் கருவி) சோதனை எழுதித் தந்தவருக்கு நன்றி. இரண்டு துண்டுகளை அனுப்பி, மறுபக்கம் அதே அளவில் இரண்டு துண்டுகள் வருகின்றனவா என்று அது பார்க்கிறது, இப்போது ஒவ்வொரு பில்டிலும் ஓடுகிறது. அதிலிருக்கும் 1496, 308 என்ற எண்கள், முதலில் புகார் சொன்னவர் அனுப்பிய அந்த இரண்டு கோப்புகளிலிருந்து அப்படியே எடுத்தவை.