டிசம்பருக்கு முன் ஒரு வேண்டுகோள்: தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பண்பாட்டு இதழியல் படிக்கும் தமிழ் மாணவி நான். இசை விழாப் பக்கங்களை நீங்கள் திட்டமிடும் நேரம் இது. அதற்குள் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: இந்த ஆண்டாவது இளம் விமர்சகர்களை வளர்த்தெடுக்க உங்கள் பக்கங்களில் இடம் ஒதுக்குங்கள்.

ரசனை இருந்தால் போதும், விமர்சனம் தானே வந்துவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அதைத் தச்சுவேலை போலக் கற்றுத் தருகிறார்கள். முதல் பயிற்சிக்கு நகரின் தேசிய ஓவியக்கூடத்துக்கு அனுப்பினார்கள். உறைந்த ஏரியின் மேல், கறுப்பு உடையில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் சறுக்கிச் செல்லும் பாதிரியாரின் ஓவியம், 1790களில் வரையப்பட்டது. புகழாமல், குறை சொல்லாமல், கண்டதை மட்டும் எழுத வேண்டும். வெகுநேரம் நின்ற பிறகுதான் சறுக்குக் காலணியைக் கட்டியிருக்கும் இளஞ்சிவப்பு நாடாவும், பனிப்பரப்பில் விழுந்திருக்கும் கீறல்களும் கண்ணில் பட்டன. கீறல்களைக் கண்டவருக்கு, அந்த இடத்தில் முன்பே பலமுறை சறுக்கியிருக்கிறார்கள் என்பது புரிகிறது. ‘என்ன கம்பீரம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தவருக்கு அது கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் இங்கே நடக்கும் ஃபிரிஞ்ச் என்ற நாடக, கலை விழா இன்னொரு பள்ளிக்கூடம். 1947இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமல் வந்த 8 நாடகக் குழுக்களால் உருவான விழாவில் இன்று 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். தேர்வுக்குழு கிடையாது, யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். ஆகவே எதற்கு டிக்கெட் வாங்குவது என்று தெரியாமல் திகைக்கும் மக்களுக்கு விமர்சனம்தான் வழிகாட்டி. நல்ல விமர்சனம் வந்த மறுநாளே நடிகர்கள் அதன் வரிகளையும் விமர்சகர் மதிப்பெண்ணாகத் தந்த நட்சத்திரங்களையும் சிறு தாளில் அச்சிட்டு, துண்டறிக்கைகளில் பின் அடித்து, ராயல் மைல் தெருவில் விநியோகிப்பார்கள். 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு இங்கே நடித்த நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டின் நாடகம், லண்டன் ஞாயிறு செய்தித்தாளொன்றில் வந்த விமர்சனத்தின் பலனாக மறு ஆண்டே தேசிய நாடக அரங்கின் மேடைக்குப் போயிற்று.

நட்சத்திர முறை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நட்சத்திரத்தைக் கண்டதும் வாசகர் கட்டுரையைத் தாண்டிப் போய்விடுகிறார். அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது, “நடிகை உருக்கிவிட்டார் என்கிறாயே, அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்?” என்று நள்ளிரவில் தொலைபேசியில் கேட்கும் ஆசிரியர்.

இது நமக்குப் புதிதல்ல. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய இசை விமர்சனங்கள் நம் சொத்து. இன்று கச்சேரி விமர்சனம் என்று வருவதில் பெரும்பகுதி, பாடிய உருப்படிகளின் பட்டியலும் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களும், ‘சபையைக் கட்டிப்போட்டார்’ என்ற முடிவும்தான். எழுதுகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை; திருத்தவுமில்லை; பல இடங்களில் சன்மானமும் இல்லை.

டிக்கெட்டை இதழே வாங்கட்டும். சபா தரும் விளம்பரத்துக்கும் விமர்சனத்துக்கும் தொடர்பில்லை என்பதை இளைஞர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். காலை வேளைக் கச்சேரிகளுக்கும், பிரபலமாகாத பாடகர்களுக்கும் அனுப்புங்கள். கச்சேரி மட்டுமல்ல, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கும், ஓவியக் கண்காட்சிக்கும் அவர்கள் போகட்டும். பாதகமான விமர்சனம் வந்து ஒருவர் கோபித்துக்கொண்டால், எழுதியவரின் பக்கம் நில்லுங்கள்.

இரவு ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்தால் நள்ளிரவுக்குள் நானூறு சொல் எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்க, உங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த துணையாசிரியரை அந்த ஒரு மாதத்துக்கு நியமியுங்கள்.

அன்புடன்,
எடின்பரோவிலிருந்து ஒரு மாணவி