பாரிமுனைத் தூணிலிருந்து தொடங்கு

அன்புள்ள குமார்,

மெட்ராஸ் தினத்துக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தாய். புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்காதே. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக ஒரு எல்லைத் தூண் நிற்கிறது. 1773இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். நெரிசலில் கண்ணில் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

1639 ஆகஸ்ட் 22 எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர் இடம் கொடுத்ததும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே வாங்கியதும், நடுவில் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) பேரி திம்மப்பா நின்று பேசியதும் சொல்லிக்கொடு. ஆனால் கம்பெனியை நம்பிக் கோட்டைக்கு வடக்கே குடியேறிய நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த ஊர் எங்கே? இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதிதான் அது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது, மதிலை ஒட்டிய வீடுகள் எதிரிக்கு மறைவாகும் என்று அந்த ஊரின் ஒரு பகுதியை இடித்தார்கள். மீதியை, கோட்டையைத் திரும்பப் பெற்ற பிறகு, 1757இல் ஆங்கிலேயர்களே தரைமட்டமாக்கினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பூக்கடையில் இருப்பது பிறகு கட்டியது. பீரங்கி சுட விட்ட அந்த வெட்டவெளியில் மறுபடி யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்குத்தான் இந்தத் தூண். ஊரை அழித்த கதையைச் சொல்லாமல் பிறந்த நாள் கொண்டாடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக் கூர்ங்கோபுரக் கல்லறை. மெட்ராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேல் புதைக்கப்பட்ட இடம் என்பார்கள், தவறு. அவருடைய மகன் டேவிடும், அவர் மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும்தான் அங்கே இருக்கிறார்கள். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த இடுகாட்டின் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்தியதால், ஆங்கிலேயர்கள் மற்றவற்றை அகற்றி, கற்களைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டார்கள். மிதிக்க மிதிக்க எழுத்து தேய்கிறது. பிள்ளைகள் ஓரமாக நிற்கட்டும். சாக்பீஸ் தேய்த்துப் படிக்க விடாதே. காலைச் சாய்வெயிலில் வெட்டெழுத்து தானாகவே தெரியும்.

நேரமிருந்தால் பழைய ஜெயில் சாலை மாடிப் பூங்காவுக்கும் போ. 1769இல் தொடங்கிய நகர மதிலில் மிஞ்சிய துண்டு அங்கே இருக்கிறது. இந்த மாதிரிச் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்று அங்கேயே விளக்கு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, செங்கல்லின் முகம் உதிர்ந்துவிடும். சுவரில் முளைக்கும் ஆலங்கன்றை மேலாக வெட்டினாலும் போதாது, வேர் உள்ளேயே பருத்துச் சுவரைப் பிளக்கும்.

கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துவரட்டும். எத்தனை பேர் என்று எழுது.

அன்புடன்,
ரவி